கிழக்குப் பார்த்த சேர்வர்

அத்தியாயம் 14

“தெரியாட்டில் கையை உயர்த்திக் கேக்கலாம்தானே பிள்ளை, நீ ஏன் ஒருநாளும் கேக்கிறேல்லை?”

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சிவமணி ரீச்சர் ஒருமுறை யோகாவிடம் இப்படிக் கேட்டார். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. யோகா மேசையைப் பார்த்தாள். ரீச்சர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

பதில் இல்லாமல் இல்லை. கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் பதில். அதைச் சொன்னாலும் திரும்பிப் பார்ப்பார்களே.

பத்தாம் வகுப்போடு அவள் படிப்பையே விட்டுவிட்டதும், அம்மா சத்தியபாமா மூன்று நாள் சாப்பிடாமல் இருந்ததும், அண்ணா விக்னராஜா அறைக் கதவை உதைத்ததும் பழைய கதை. இப்போது அவளுக்குப் பதினேழு. மெல்பேர்னில், நோபல் பார்க்கில் உள்ள அந்த வீட்டின் கராஜில், பகல் முழுவதும் ஒரு கணினிக்கு முன்னால் இருக்கிறாள். போர் முடிந்து மூன்று கிழமை ஆகிறது. வன்னியிலிருந்து வந்து வவுனியா முகாம்களில் இருப்பவர்கள் என்று கேள்விப்பட்டவர்களின் பெயர்களை, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யாரும் வந்து எழுதலாம். தேடுகிறவர்கள் வந்து பார்க்கலாம். அப்படி ஒரு இணையத்தளத்தை மூன்று மாதத்துக்கு முன்னால் அண்ணாதான் உருவாக்கினான். அதைத் தாங்கி நிற்கும் சேர்வர் அந்தக் கராஜில் இருந்தது. வருகிற ஒவ்வொரு பெயரையும் வாசித்து, ஊரையும் தகப்பன் பெயரையும் சரிபார்த்து, பட்டியலில் ஏற்றுவது யோகாவின் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. அந்த வேலை அவளுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை வரை ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பெயர்கள்.

ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்றாவதைத்தான் அவள் இரண்டு தரம் வாசித்தாள். பாரிஸில் இருக்கும் ஒரு பெண் எழுதியிருந்தாள். தன் தாயின் கூடாரத்திலேயே பவளம் என்று ஒரு அம்மாவும் அவருடைய மகள் கலாவும் இருக்கிறார்கள், தகப்பன் அவுஸ்திரேலியாவில் என்று சொல்கிறார்கள், இந்த நம்பருக்கு எடுத்தால் ஒருவர் செய்தி கொண்டுபோய்க் கொடுப்பார், நான் சனிக்கிழமை பின்னேரம் திரும்ப வந்து பார்ப்பேன், பதில் போடுங்கள். கீழே ஒரு கைத்தொலைபேசி இலக்கம்.

பட்டியலைக் கேட்க அடிக்கடி வந்துபோகும் தேவராஜா அங்கிளின் மனைவி பெயர் பவளம். மகள் பெயர் கலா. அவர் படகில் வந்தபோது கலாவுக்கு ஐந்து வயது. இப்போது பதினான்கு.

யோகா உடனே அவர் இருக்கும் ஸ்பிரிங்வேலுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஆனால் செய்தியைச் சொல்லவில்லை.

“நாளைக்கு வாங்கோ அங்கிள். ஒரு பதிவு வந்திருக்கு. நீங்கள் வந்து பாக்க வேணும்.”

அது அண்ணா போட்ட சட்டம். தொலைபேசியில் சொன்ன ஒரு பெயரை நம்பி டாண்டினோங்கில் ஒரு வீட்டில் பாயாசம் வைத்ததும், மூன்றாம் நாள் அது அதே பெயருள்ள வேறு யாரோ என்று தெரிந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு எந்த நல்ல செய்தியையும் வாயால் சொல்வதில்லை. உறவினர் நேரில் வந்து, முழுப் பதிவையும் தன் கண்ணால் பார்த்து, ஊர் சரி, வயது சரி என்று சொல்ல வேண்டும்.

“நல்லதோ கெட்டதோ எண்டாவது சொல்லு பிள்ளை.”

“வாங்கோ அங்கிள்” என்றாள் யோகா. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஆனால் நல்ல செய்தி என்று அவள் குரலே சொல்லியிருக்க வேண்டும். மறுபக்கத்தில் அவர் அழுகிற சத்தம் கேட்டது.

*

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மா இரண்டு கலண்டர்களோடு கராஜுக்குள் வந்தாள்.

“எடியே, அண்ணா சொன்ன வேலை இண்டைக்குத்தானே?”

“ஓம். மத்தியானம்.”

“மத்தியானம் எமகண்டம்.”

விக்னராஜா வெள்ளி இரவே சிட்னிக்குப் பறந்துவிட்டான். ஹரிஸ் பார்க்கில் சிலர் இதேபோல இன்னொரு பட்டியல் வைத்திருந்தார்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பதாகப் பேச்சு. சேர்த்தால் கராஜில் இருக்கும் பழைய சேர்வர் தாங்காது. இப்போதே கனடாவில் விடியும் நேரத்தில் அது மூச்சு வாங்கியது. அதனால் தன் கம்பனி கழித்து விட்ட இன்னொரு சேர்வரைக் கொண்டுவந்து வைத்திருந்தான். அதே கம்பனி, அதே கறுப்புப் பெட்டி. பழையதும் அங்கேயிருந்து வந்ததுதான்.

புதியதில் தளத்துக்கு வேண்டிய மென்பொருளையெல்லாம் ஏற்ற வேண்டும். அதற்கு அவன் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தான். செய்ய வேண்டிய நாற்பது ஐம்பது வேலைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு கோப்பு. ஒரு வரியைத் தட்டினால் போதும், கணினி அதை மேலிருந்து கீழே வாசித்துத் தானே எல்லாவற்றையும் செய்துகொள்ளும். அதைப் பழையதில் எழுதி, புதியதில் போட்டு மூன்று தரம் ஓட்டியும் பார்த்துவிட்டான். கடைசியாக ஒருமுறை சுத்தமாக ஓட்ட வேண்டும். பெயர்களைப் பழையதிலிருந்து புதியதுக்கு ஞாயிறு இரவு தான் வந்து மாற்றுவதாகச் சொல்லியிருந்தான்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். இரண்டாம் பட்டனை அமத்து. இந்த வரியை அடி. ஏழு கேள்வி கேட்கும். ஏழுக்கும் யெஸ்.

“ஆறுதலா, எப்ப வேணுமெண்டாலும் செய்” என்றும் சொன்னான். அதை அம்மா கேட்கவில்லை.

“யாழ்ப்பாணக் கலண்டரிலை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை. கோயில் கலண்டர் மெல்பேர்ன் சூரியனுக்குக் கணிச்சது, அதிலை பத்து மணி போலை தொடங்கி பதினொண்டு தாண்டிப் போகுது. எதை நம்பிறது?”

“ஒண்டையும் நம்பாதையுங்கோ.”

“ரெண்டையும் தவிர்க்கிறதெண்டால் ஒன்பதுக்கு முதல் தொடங்க வேணும். பதினொண்டரைக்கு நான் வேலையிலை நிப்பன்.” அம்மா முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை செய்கிறாள். “பேர் எழுதிற வேலையடி இது. உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை பேர். கண்ட நேரத்திலை தொடங்கேலாது.”

யோகா அண்ணாவின் தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

அம்மா சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து புதிய பெட்டியின் நெற்றியில் பொட்டு வைத்தாள். ஒரு செவ்வந்திப் பூவை மேலே வைத்தாள். பிறகு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

“எலுமிச்சம்பழம் வைக்கேல்லையோ?” என்று யோகா கேட்டாள்.

“உதுக்கு வாகனம் மாதிரிச் சில்லு இல்லையே.” அம்மா பகிடியை விளங்கிக்கொள்ளாமலே சொன்னாள். அவள் பார்வை வேறு எங்கோ இருந்தது. “பிள்ளை, இது மேற்கையெல்லே பாத்துக்கொண்டு நிக்குது.”

கராஜின் மேற்குச் சுவரோடு ஒரு நீள மேசை. பழைய சேர்வர் அதில் கிழக்கு நோக்கி இருந்தது. புதியது எதிர்ப்பக்கம், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டூலில்.

“அம்மா, உதுக்குக் கண் இல்லை, கிழக்கைப் பாக்க.”

“உனக்கு வாய் இருக்கு, ஊருக்கு முன்னாலை ஒருநாளும் திறக்கிறேல்லை. என்னோடை மட்டும் வடிவாக் கதை. தூக்கு அந்தப் பக்கத்தை.”

“பழசை நிப்பாட்டேலாது. சனம் பாத்துக்கொண்டிருக்கு.”

“நிப்பாட்டச் சொன்னனானே? இதை அங்கை வை, அதை இஞ்சை வை. அவ்வளவுதான்.”

தோய்க்கும் மெஷினுக்குப் பின்னால் இருந்த பிளக்கிலிருந்து வந்த பழையதன் மின்சார வயரும், நீல நிற இன்ரநெற் வயரும் நீளமானவை. அவற்றைக் கழற்றாமலே, ஓடிக்கொண்டிருந்த பெட்டியை இருவரும் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி ஸ்டூலில் வைத்தார்கள். புதியது மேசைக்கு வந்தது. பொட்டோடும் பூவோடும் கிழக்கே பார்த்து நின்றது.

இரண்டு சேர்வருக்கும் ஒரே திரை, ஒரே கீபோர்ட்தான். நடுவில் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒன்றாம் பட்டனை அமத்தினால் திரையில் பழையது வரும், இரண்டாம் பட்டனில் புதியது. அந்தப் பெட்டியிலிருந்து சேர்வர்களுக்குப் போகும் இரண்டு வயர்களில் மேசைக்குப் போனது குட்டை, ஸ்டூலுக்குப் போனது நீளம். தூக்குவதற்காக அவற்றைக் கழற்றிய யோகா, வைத்த பிறகு, எது எங்கே எட்டியதோ அங்கே சொருகினாள். முன்பு ஸ்டூலுக்குப் போன வயர் ஸ்டூலுக்கே போனது.

ஸ்டூலில் இப்போது இருந்தது பழையது.

அது அவளுக்குத் தோன்றவில்லை. அம்மா சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கெதியா, பிள்ளை. எட்டு நாற்பத்தஞ்சு.”

யோகா இரண்டாம் பட்டனை அமத்தினாள். பெயரும் கடவுச்சொல்லும் அடித்தாள். இரண்டு சேர்வருக்கும் அண்ணா ஒரே கடவுச்சொல்தான் வைத்திருந்தான். தாளில் இருந்த வரியை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தாள். திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின.

முதல் கேள்வி. யெஸ். இரண்டாவது. யெஸ். மூன்றாவதும் நான்காவதும் நேர வலயத்தைப் பற்றியும் மொழியைப் பற்றியும். யெஸ், யெஸ்.

ஐந்தாவது கேள்வி வந்தபோது அவள் கை நின்றது. ஏற்கெனவே இங்கே தரவு இருக்கிறது, முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா என்று அது ஆங்கிலத்தில் கேட்டது.

‘அண்ணா மூன்று தரம் ஓட்டிப் பார்த்தவன். அவன் போட்டுப் பார்த்த பொய்ப் பெயர்கள் இருக்கும். அதைத்தான் கேட்கிறது.’

அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் கை போகவில்லை. பக்கத்தில் தொலைபேசி இருந்தது. அதை எடுத்து, அண்ணாவின் பெயர் வரைக்கும் போனாள். ஏழுக்கும் யெஸ் எண்டு எழுதித் தந்தனான், பேந்து என்ன கேள்வி என்று அவன் சிரிப்பான். பக்கத்தில் ஹரிஸ் பார்க் ஆட்கள் இருப்பார்கள். என்னவாம் என்று அவர்கள் கேட்பார்கள்.

“ஏன் நிக்குது?” என்றாள் அம்மா. “ஒன்பதாகப் போகுது.”

யோகா தொலைபேசியைக் கீழே வைத்தாள். யெஸ் என்று அடித்தாள்.

ஆறாவது, ஏழாவது கேள்விகளும் வந்து போயின. ஒன்பதுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று ஸ்கிரிப்ட் சொன்னது. அம்மா கண்களை மூடிக் கும்பிட்டாள்.

*

தேவராஜா அங்கிள் பத்து மணிக்கு வருவார். அவருக்குக் காட்டப் பதிவை எடுத்து வைக்கலாம் என்று ஒன்பதரை போல யோகா தளத்தைத் திறந்தாள்.

தளத்தின் முன்பக்கத்தில், மேலே வலது மூலையில், எத்தனை பெயர்கள் வந்திருக்கின்றன என்று ஒரு எண் இருக்கும்.

0.

பக்கம் சரியாக வரவில்லை என்று நினைத்து மறுபடி திறந்தாள். 0. வீட்டுக்குள் ஓடிப்போய் அண்ணாவின் மடிக்கணினியில் பார்த்தாள். 0. திரும்பி வந்து பார்த்தபோது 2 என்று மாறியிருந்தது. உலகத்தின் எங்கோ இரண்டு பேர், இப்போதுதான், புதிதாக இரண்டு பெயர்களை எழுதியிருந்தார்கள்.

அவள் பட்டன் பெட்டியைப் பார்த்தாள். அதிலிருந்து போகும் வயர்களைப் பார்த்தாள். இரண்டாம் வயரை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். அது மேசையின் கீழே போனது, தோய்க்கும் மெஷினுக்குப் பின்னால் போனது, ஸ்டூலில் இருந்த பெட்டியில் போய் முடிந்தது. அந்தப் பெட்டியின் நெற்றியில் பொட்டு இல்லை.

“அம்மா” என்று கூப்பிட்டாள். இரண்டாம் முறை கூப்பிட்டபோது அம்மா கையில் மா ஒட்டியபடி வந்தாள்.

என்ன நடந்தது என்று அம்மாவுக்கு விளங்க ஐந்து நிமிடம் எடுத்தது. விளங்கியதும் நிலத்தில் இருந்துவிட்டாள்.

“வேறை இடத்திலை எழுதி வைக்கேல்லையோ?”

“ஒரு சீடீ இருக்கு. மூண்டு கிழமைக்கு முதல் அண்ணா போட்டது. அதிலை இருநூறு பேர்தான்.”

“நான்தானே மாத்தச் சொன்னனான்” என்றாள் அம்மா. “நான்தான்.”

யோகா அண்ணாவுக்கு எடுத்தாள். இந்த முறை, யார் சிரிப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

விக்னராஜா முழுவதையும் கேட்டான். கடைசியில், “ஐஞ்சாவது கேள்வியை வாசிச்சனியோ?” என்று மட்டும் கேட்டான்.

“வாசிச்சனான்.”

“வாசிச்சுப்போட்டும் அடிச்சனியோ?”

“ஏழுக்கும் யெஸ் எண்டு…”

“எனக்கு ஒருக்கா எடுத்துக் கேட்டால் என்னடி? ஒரு நிமிசம். ஒரே ஒரு நிமிசம்.” பிறகு வேகமாகப் பேசினான். “சரி. இப்ப சொல்லுறதை வடிவாக் கேள். அழிச்சது உடனை அழியாது. அந்த டிஸ்கிலை எங்கையோ கிடக்கும். ஆனா அதுக்கு மேலை புதுசா ஏதும் எழுதினால் போயிடும். சனம் இப்பவும் பேர் போட்டுக்கொண்டிருக்கே?”

“ஓம். நாலு வந்திட்டுது.”

“ஒவ்வொண்டும் எதுக்கு மேலை போய் இருக்குதோ தெரியாது. நிப்பாட்டு. ஷட் டவுன் குடுக்காதை, அது போகேக்கையும் எழுதிப்போட்டுத்தான் போகும். சுவரிலை இருக்கிற பவர் சுவிட்ச், அதை நேரா நிப்பாட்டு. நான் வந்து பாக்கிறன்.”

“எல்லாம் திரும்ப வருமோ அண்ணா?”

“தெரியாது. பாதி வரலாம். ஒண்டும் வராமலும் போகலாம்.”

“அண்ணா, அந்தப் பாரிஸ் அக்கா… தேவராஜா அங்கிளின்ரை பதிவு போட்டவா. இண்டைக்குப் பின்னேரம் வந்து பாக்கிறன் எண்டு எழுதினவா. நிப்பாட்டினால் தளமே இருக்காதே. புதுசிலை நான் இப்ப தளத்தைப் போடட்டே? அதை வெளியிலை திறந்து விட்டால்…”

“நீ இனி ஒண்டையும் தொடாதை” என்றான் விக்னராஜா.

யோகா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

“லோங் வீக்கெண்ட். பிளைட் ஒண்டிலையும் இடம் இல்லை, நாளைக்கு இரவுதான் வருவன்” என்றான் பிறகு, மெல்ல. “அந்தப் பிள்ளையின்ரை மெயில் விலாசம்… ஓ, நாங்கள் அதைக் கேக்கிறேல்லை.”

கேட்பதில்லை. பயத்தில் யாரும் தங்கள் விலாசத்தைத் தர மாட்டார்கள் என்பதால் அப்படியொரு கட்டத்தையே அவன் படிவத்தில் வைக்கவில்லை. பெயரும் நகரமும் மட்டும்தான். அதுவும் பாதிப் பேர் உண்மைப் பெயரை எழுதுவதில்லை.

தொலைபேசியை வைத்த பிறகு யோகா சுவர்ப் பக்கம் போனாள். ஸ்டூலுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் அந்த சுவிட்ச் இருந்தது. குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

நிறுத்தினால் ஆயிரம் பேரின் பெயர் ஒருவேளை மீளலாம். நிறுத்தாவிட்டால் பின்னேரம் ஒருத்தி வந்து ஒரு இலக்கத்தை மறுபடி எழுதலாம். எதற்கும் நிச்சயம் இல்லை. அவள் இரண்டையும் செய்ய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரையில் 7 என்று மாறியது.

வாசல் மணி அடித்தது.

*

தேவராஜா இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டில் வந்திருந்தார். சவரம் செய்திருந்தார். ஸ்பிரிங்வேலில் மரக்கறிக் கடையொன்றில் பெட்டி தூக்குகிற வேலை அவருக்கு. வழக்கமாக இரவு வேலை முடிந்து, கசங்கிய உடுப்போடு, கதிரையின் நுனியில் இருந்து பட்டியலைக் கேட்டுவிட்டுப் போகிறவர். இன்று கையில் ஒரு பை மண்டரின் தோடம்பழம்.

“என்ன சத்தியபாமா அக்கா, தாயும் மகளும் சோதினை பெயில் விட்ட ஆக்கள் மாதிரி நிக்கிறியள்?” என்று சிரித்தார். அவர் பகிடி விட்டு அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. “சாமத்திலையே எழும்பிட்டன். கடைக்காரச் சீனன் கேட்டான், தேவா, இண்டைக்குக் கலியாணமோ எண்டு. அப்பிடித்தான் எண்டு சொன்னனான். எங்கை பிள்ளை, காட்டு பாப்பம்.”

அம்மா, “இருங்கோ தம்பி, தேத்தண்ணி…” என்றாள்.

“தேத்தண்ணி பேந்து குடிப்பம். முதல் இதைப் பாப்பம்.”

யோகா கதிரையை இழுத்து வைத்தாள். அவர் இருந்தார். கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். திரையில் 8 என்று இருந்தது.

“அங்கிள்” என்றாள் யோகா. “அது அழிஞ்சுபோச்சு.”

“எது?”

“எல்லாம். பிழையான மெஷினிலை… நான் அழிச்சுப்போட்டன்.”

அவர் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. அது எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.

“நீ நேற்று வாசிச்சனிதானே?”

“ஓம்.”

“அப்ப சொல்லு. என்ன இருந்தது?”

யோகா சொன்னாள். பவளம். கலா. ஒரே கூடாரம். பாரிஸ் பெண்ணின் தாய். தகப்பன் அவுஸ்திரேலியா. ஒரு நம்பர்.

“உயிரோடை இருக்கினம்.” அவர் இதைக் கேள்வியாகக் கேட்டாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. “ஊர் என்னெண்டு போட்டிருந்தது?”

அவள் கண்களை மூடிக்கொண்டாள். விசுவமடு என்று ஒரு சொல் வந்தது. ஆனால் விசுவமடு என்று போட்ட பதிவுகள் நேற்று மட்டும் ஒன்பது.

“நினைவில்லை அங்கிள்.”

“தகப்பன்ரை பேர்?”

“தேவராஜா எண்டுதான் நினைக்கிறன்.”

“நினைக்கிறியோ, கண்டனியோ?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கண்டேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவர் இன்று இரவு தூங்குவார். ஆனால் அந்த டாண்டினோங் வீட்டுப் பாயாசம் அவளுக்கு முன்னால் வந்து நின்றது.

“நினைக்கிறன்” என்றாள்.

“கலாவுக்கு எத்தினை வயசெண்டு இருந்தது?”

“அது… போடேல்லை எண்டு நினைக்கிறன்.”

“நம்பர்?”

“சைபர் ஏழு ஏழு. கடைசியிலை நாலும் ஒண்டும். நடுவிலை…” ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். ஐந்து கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஒன்றில் 6 என்று போட்டாள். வெட்டினாள். 9 என்று போட்டாள். அதையும் வெட்டினாள்.

“அவளை வையாதையுங்கோ தம்பி, என்னை வையுங்கோ” என்றாள் அம்மா. “கிழக்கைப் பாக்க வேணும் எண்டு நிண்ட விசரி நான்.”

தேவராஜா யாரையும் வையவில்லை. தாளை எடுத்து, வெறும் கட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “இனி என்ன செய்யலாம் எண்டு விக்னா சொல்லுறான்?” என்று கேட்டார்.

யோகா சொன்னாள். பாதி சொல்லும்போதே அழுகை வந்தது, ஆனால் எதையும் மறைக்கவில்லை. சுவிட்சை நிறுத்தச் சொன்னதையும் சொன்னாள், பாரிஸ் பெண் பின்னேரம் வந்து பார்ப்பாள் என்பதையும் சொன்னாள்.

“நிப்பாட்டினால் மற்ற ஆக்களின்ரை பேர் வருமோ?”

“வரலாமாம். நிச்சயமில்லை.”

“என்ரை ஆக்களின்ரையும்?”

“அதுவும் வரலாம். வராமலும் விடலாம்.”

“நிப்பாட்டாட்டில்?”

“அந்த அக்கா பின்னேரம் பாப்பா. தன்ரை பதிவு இல்லை எண்டு கண்டால் திரும்பப் போடுவா.” கொஞ்சம் நிறுத்தி, “போடுவா எண்டு நினைக்கிறன்” என்றாள்.

“பின்னேரம் எண்டால் பாரிஸ் பின்னேரமோ, எங்கடை பின்னேரமோ?”

“தெரியாது அங்கிள்.”

“பாரிஸ் எண்டால் எங்களுக்கு நடுச்சாமம். அதுவரைக்கும் இது எழுதிக்கொண்டே இருக்கும்.”

“ஓம்.”

மூவரும் திரையைப் பார்த்தார்கள். 10 என்று இருந்தது 11 ஆனது. புதிதாக வந்த பதிவு தானாகவே கீழே விரிந்தது. யாரோ லண்டனில் இருந்து எழுதியிருந்தார்கள். தங்கையின் மகன். நான்கு வயது. வலது புருவத்தில் ஒரு மச்சம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவராஜா அதை முழுவதும் வாசித்தார். உதடுகள் அசைந்தன. வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

அவர் எழுந்தபோது கதிரை பின்னால் உரசியது. ஸ்டூலைச் சுற்றிப் போனார். வெள்ளைச் சேட்டோடு தோய்க்கும் மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் புகுந்து முழங்காலில் இருந்தார். யோகா அவர் என்ன செய்யப் போகிறார் என்று விளங்கி ஒரு அடி முன்னால் வைத்தாள்.

“அங்கிள், பொறுங்கோ, அண்ணாவை ஒருக்கா…”

டக் என்று ஒரு சின்னச் சத்தம். சேர்வரின் காற்றாடி மெல்ல மெல்ல இரைச்சல் குறைந்து நின்றது. மூன்று மாதமாக இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. கராஜ் இவ்வளவு அமைதியான இடம் என்று அன்றுதான் யோகாவுக்குத் தெரிந்தது. திரை கறுத்தது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். அம்மாவைப் பார்த்தார், யோகாவைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

அந்த வீட்டிலிருந்து ஒருநாளும் ‘போட்டு வாறன்’ என்று சொல்லாமல் அவர் போனதில்லை. மகளைப் பற்றி ஒரு தகவலும் இல்லாத நாட்களிலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

இன்று கராஜின் இரும்புக் கதவைத் தானே இடுப்பளவு தூக்கி, குனிந்து, வெளியே போனார். கதவின் கீழால் அவருடைய சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன. கொஞ்ச நேரம் அவை அங்கேயே நின்றன. பிறகு ரயில் ஸ்டேசன் பக்கம் திரும்பி நடந்தன.